நாலரை மணி நேரம் முந்திப் பொங்கிய பால்

இரோஷினிக்கு ஒரு நாளில் இரண்டு தடவை விடியும். முதல் தடவை காலை நாலரைக்கு, மெல்பர்னில் அலுவலகம் திறக்கும்போது. இரண்டாவது தடவை ஆறரைக்கு, ஏழு வயது மகள் தெவ்லி எழுந்து ஒற்றைக் காலுறையைக் காணோம் என்று கத்தும்போது.

கடுகண்ணாவ மலைச்சரிவில், ரயில் பாதைக்கு மேலே இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆஸ்திரேலியாக்காரர்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றை அவள் பார்த்துக்கொண்டாள். இடுப்புக்கு மேலே சாம்பல் நிறக் கோட்டு, முத்துத் தோடு, உதட்டுச் சாயம். இடுப்புக்குக் கீழே பூப்போட்ட சீத்தைப் பாவாடை, ஒன்றுக்கொன்று சேராத இரண்டு செருப்பு. கேமராவுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் நாகரிகம் இருந்தால் போதும் என்பதை அவள் கண்டுபிடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. உதட்டுச் சாயத்தின் இடம் சமையலறை அலமாரித் தட்டு, மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில். பருப்பு கொதிக்கும்போது மெல்பர்ன் கூப்பிட்டால் கைக்கு எட்ட வேண்டுமே.

கணவன் ஜனித்துக்கு ரயில்வேயில் வேலை. அதனால் நேரம் தவறாமையை அவனிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நேரத்தைப் பிடித்து வைத்திருந்தவர் அவனுடைய அம்மா ஹேமாவதி. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மார்ச் மாதம் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து, பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினார். பார்க்க ஓய்வெடுக்க வந்த சினிமா வில்லன் மாதிரி இருக்கும்.

ஏப்ரல் முதல் வாரம், சிங்களப் புத்தாண்டான அவுருது நெருங்கியபோது, அவர் மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"துவே, மகளே, இந்த அவுருதுக்கு நான் அடுப்புக்கிட்ட போக ஏலாது. புகை ஆகாதுன்னு டொக்டர் சொல்லிட்டார். பால் பானையப் பொங்க வைக்கிறது உன் கையில."

"சரிம்மா."

"சரிம்மான்னு சும்மா தலைய ஆட்டாத. அடுப்பு மூட்டற சுபநேரம் மூணு நாற்பத்திரண்டுன்னா மூணு நாற்பத்திரண்டுதான். நாற்பத்திமூணு கிடையாது. கிழக்கப் பாத்து நிக்கணும், இளம்பச்சை உடுத்தணும். முடியாட்டி இப்பவே சொல்லிரு. கெக்கிராவையில இருந்து நில்மினியக் கூப்பிட்டுக்கறேன்."

நில்மினி அந்த வீட்டின் மூத்த மருமகள். வேலைக்குப் போகாதவள். அவள் சுடும் கொக்கிஸ் பலகாரம் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எட்டு வருடமாக இந்த வீட்டில் எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் நில்மினியின் கொக்கிஸில் போய் முடியும். இரோஷினி சுட்டதை ஒரு வருடம் பார்த்துவிட்டு, "இது எந்த மிருகம்?" என்று கேட்டவர் ஹேமாவதி.

"வேணாம்மா, நானே செய்றேன்," என்றாள் இரோஷினி.

அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடும் நாள் அதே நாள். அலுவலகம் முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போனபிறகு, மெல்பர்னில் இரவு எட்டு மணிக்குக் கூட்டம். கடுகண்ணாவயில் அது மூன்றரை. பொத்தானை அழுத்த வேண்டிய ஆள் இரோஷினி.

பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். ஒரு வரி. அவள் அந்த வரியை நான்கு தடவை தட்டச்சு செய்து நான்கு தடவையும் அழித்தாள். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். அங்கே போன நாளிலிருந்து, தவறுதலாக உள்ளே விட்டுவிட்டோம் வெளியே போ என்று யாரோ வந்து சொல்லப்போகிறார்கள் என்ற பயம் அவளை விடவே இல்லை. அப்படிப்பட்டவள் பால் பொங்குவதற்காகப் பத்து நிமிடம் கேட்பாளா? கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தாள்.

முதலில் ஒரு மின்சார அடுப்புத் தட்டு வாங்கினாள். அடுத்தது, கைபேசி சொன்னால் தானாக எரியவைக்கும் ப்ளக் ஒன்று. அடுப்பு மூட்டுவதிலிருந்து தொடங்கும் சுபநேரங்களை எல்லாம் குடும்ப நாட்காட்டி ஒன்றில் ஏற்றி, அதை வீட்டிலுள்ள மூன்று கைபேசிகளோடும் ப்ளக்கோடும் இணைத்தாள். அடுப்பு மூட்டும் நேரம் வந்தால் மூன்று கைபேசியும் பேசும், ப்ளக் தானாகத் தட்டைச் சூடாக்கும். அவள் கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டே ஒரு தீக்குச்சியைக் கிழித்து அந்தப் பக்கம் காட்டினால் போதும். தட்டைச் சுற்றி மூன்று செங்கல், செங்கல்லுக்கு மேல் அழகுக்கு நாலு கறுவாக் குச்சி. கறுப்புக் கண்ணாடிக்கு விறகடுப்பாகத் தெரிய இது போதும் என்று அவள் நம்பினாள்.

"பால் காலையிலேயே ஊத்தி வெச்சா திரைஞ்சு போகாதா இரோ?" என்று கேட்டான் ஜனித்.

"அதான் உறைய வெச்சிருக்கேன். கட்டியா பானையில போட்டா சரியா மூணு மணிக்கு உருகும். கணக்குப் போட்டுட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நீ வாயத் திறந்தா தெரியும்."

உடைக்கும் அவளிடம் திட்டம் இருந்தது. நான்கு பேருக்கும் ஒரே துணியில் இளம்பச்சை, இணையத்தில் வாங்கினாள். கைபேசித் திரையில் வெற்றிலைத் துளிர் மாதிரி இருந்தது. பொதியைப் பிரித்ததும் ஹேமாவதி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கியும் பார்த்தார்.

"இது பச்சையா?"

"பச்சைதாம்மா. இங்க வெளிச்சம் சரியில்ல."

"காமாலக்காரன் மூஞ்சி மாதிரி இருக்கு."

"போன்ல பாருங்க, பச்சையா இருக்கும்."

"அப்ப போன உடுத்திக்கிட்டு நிக்கவா?"

திருப்பி அனுப்ப நாள் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

புத்தாண்டு அன்று பிற்பகல் இரண்டு பத்துக்குப் பிறப்பதாக இருந்தது. காலை ஏழே முக்காலுக்குப் புண்ணிய காலம் தொடங்கிவிடும். பிறகு அடுப்பு கிடையாது, வேலை கிடையாது, சாப்பாடு கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது. இரோஷினி ஏழு நாற்பதுக்குப் பால் கட்டியைப் பானையில் போட்டு மூடிவிட்டு, வெள்ளை உடுத்தி, குடும்பத்தோடு விகாரைக்குப் போனாள். பெரிய சபை. எல்லோரும் வெள்ளையில், எல்லோரும் பசியில்.

பிக்கு பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பதினொன்று பன்னிரண்டுக்கு இரோஷினியின் கைப்பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் கணீரென்று கிளம்பியது. அடுப்பு மூட்டும் நேரம். ஜனித்தின் சட்டைப்பையிலிருந்து அதே பெண். ஹேமாவதியின் இடுப்பிலிருந்து மூன்றாவது தடவையும் அதே பெண்.

பிக்கு பேச்சை நிறுத்தினார். பின்வரிசையில் ஐந்து பெண்கள் பதறி எழுந்தார்கள். ஒருத்தி, "ஐயோ, நேரம் போச்சா?" என்று செருப்பைத் தேடி ஓடினாள்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் பிக்கு. "அடுப்புக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருக்கு."

நாலரை மணி நேரம். அந்த எண்ணை இரோஷினிக்கு நன்றாகத் தெரியும். தினமும் கூட்டிக் கழித்துப் பிழைப்பு நடத்தும் எண் அல்லவா அது! சுபநேரங்களை அவள் அலுவலக மடிக்கணினியில் ஏற்றியிருந்தாள். அந்த மடிக்கணினி மெல்பர்ன் நேரத்தில் ஓடுவது. மூன்று நாற்பத்திரண்டு என்றதை அது மெல்பர்னின் மூன்று நாற்பத்திரண்டு என்று எடுத்துக்கொண்டது. அது கடுகண்ணாவயில் பதினொன்று பன்னிரண்டு. கைபேசி பேசிவிட்டது என்றால் ப்ளக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது.

"அம்மே, வயிறு ஒரு மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

"சாப்பிடவே இல்லையே, வயித்துக்கு என்ன?" என்று ஹேமாவதி கேட்டது அவள் முதுகுக்குத்தான் கேட்டது.

வெள்ளை உடுப்போடு மலைச்சரிவில் ஒரு பெண் ஓடுவதை அன்று பலர் பார்த்தார்கள். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருக்கலாம். வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பால் உருகி, கொதித்து, பொங்கி, செங்கல்லைத் தாண்டி, தட்டுக்குள் புகுந்து, ட்ரிப் சுவிட்சை விழுத்திவிட்டு அடங்கிக் கிடந்தது. பானையின் அடியில் ஒரு விரற்கடை தீய்ந்த பாலாடை. கறுவாக் குச்சிகள் மட்டும் பாலில் ஊறி நல்ல வாசம்.

கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. "அடுப்பு மூட்டும் வேலை வெற்றிகரமாக முடிந்தது."

கடைகள் எல்லாம் பூட்டு. இரோஷினி பின்மதிலுக்கு ஓடினாள். அந்தப் பக்கம் குசும் அக்கா, மாடு வளர்ப்பவள், இவர்களுக்குப் பால் கொடுப்பவள், வாசற்படியில் ஒன்றும் செய்யாமல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கே, அரைப் போத்தல் பால் இருக்குமா?"

குசும் அக்கா நெஞ்சில் கைவைத்தாள். "நங்கி, உனக்குப் பைத்தியமா? புண்ணிய காலத்துல பால் கேக்கிற! இப்ப நான் குடுத்தா என் வருசம் முழுக்க உன் வீட்டுக்குப் போயிரும்."

"திருப்பித் தந்துடறேன்."

"வருசத்தையா?"

"அக்கே, பால் பொங்கிருச்சு. இப்பவே."

குசும் அக்கா மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான் குடுக்க ஏலாது. பால் கறக்கவும் ஏலாது, அது வேலை. மாடு அந்தா நிக்குது. நான் கண்ண மூடித் தியானம் பண்றேன். உனக்கும் மாட்டுக்கும் நடுவுல நடக்கிறது எனக்குத் தெரியாது," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மாட்டை இரோஷினி பார்த்தாள். மாடு இரோஷினியைப் பார்த்தது. பல்கலைக்கழகத்தில் இதற்குப் பாடம் இருக்கவில்லை. இரண்டு அடி முன்னே வைத்தாள். மாடு ஒரு காலை மட்டும் தூக்கிக் காட்டியது. அவள் மதிலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

மிஞ்சியது பால்மா. தேநீருக்கு வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, கரைக்கலாமா கூடாதா, கரைப்பது வேலையா இல்லையா என்று அவள் யோசித்துக்கொண்டு நிற்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். ஹேமாவதி வந்துவிட்டார். கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்ததே தவிர மூக்குக்கு ஒன்றும் இல்லை.

"பால் பொங்கின வாசம் வருதே."

"வெளியில இருந்தும்மா."

"வெளியிலயா? புண்ணிய காலத்துலயா? யாரு அவ்வளவு கெட்டுப்போனது?" ஹேமாவதி நேராகப் பின்மதிலுக்கு நடந்தார். "குசும்! உன் வீட்ல அடுப்பு மூட்டினியா?"

குசும் அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். மாமியாரைப் பார்த்தாள். மாமியாருக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்ற மருமகளைப் பார்த்தாள்.

"அது வந்து, டீச்சர்... பூனை... பூனை தட்டிருச்சு."

"பூனை அடுப்பு மூட்டிச்சா?"

"பெரிய பூனை, டீச்சர்."

ஊரே இனி குசும் அக்காவைப் பற்றி ஒரு வருடம் பேசும். அவளிடம் பால் வாங்க ஆட்கள் யோசிப்பார்கள். நில்மினி வந்து பானையைத் தூக்கிக்கொண்டு போனால் போகட்டும், இது கூடாது என்று இரோஷினிக்குத் தோன்றியது.

"அம்மே, அங்க இல்ல. இங்கதான். நான்தான்." தட்டு, ப்ளக், உறைந்த பால், மெல்பர்ன் நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

ஹேமாவதி திரும்பினார். சமையலறைக்குப் போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து செங்கல்லைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஊறிய கறுவாக் குச்சி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"எந்தப் பக்கம் பொங்கிச்சு?"

"என்னம்மா?"

"பால். எந்தப் பக்கம் வழிஞ்சிருக்கு?"

இருவரும் குனிந்து கறையைத் தேடினார்கள். செங்கல்லின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது.

"கிழக்கு," என்றாள் இரோஷினி.

"கிழக்கேதான்." ஹேமாவதி நிமிர்ந்தார். "நல்ல பக்கம். ஆனா போன வருசத்துக்குப் போயிருச்சே. அதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்தான் ஆயுசு. பாவம், பொழைச்சுப் போகட்டும்." பிறகு அதே குரலில், "இந்தத் தட்ட முதல்ல வெளிய எடு. தேங்காய்ப் பொச்சும் விறகும் கொண்டா. எத்தனை மணிக்கு உன் வெள்ளைக்காரன்?"

"மூணரைக்கு."

"அவன்கிட்ட நீ பத்து நிமிசம் கேக்கலயா?"

இரோஷினி தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"வாய் இருக்கில்ல?" என்றார் ஹேமாவதி.

மூன்றரைக்கு மடிக்கணினி சமையலறை அலமாரித் தட்டில் ஏறியது. திரையில் கிரகாம், இரோஷினியின் மேலதிகாரி, அவனைச் சுற்றி ஐந்து பேர். இரோஷினியின் உதட்டில் சாயம், காதில் முத்து, பின்னால் விறகு. மூன்று முப்பத்தேழுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கிரகாம், எனக்குப் பத்து நிமிசம் வேணும். இன்னைக்கு எங்க புத்தாண்டு. நான் அடுப்பு மூட்டணும்."

"தாராளமா போ," என்றான் கிரகாம். "போன வாரமே சொல்லியிருந்தா கூட்டத்தையே தள்ளி வெச்சிருப்பேனே. ஏன் சொல்லல?"

அதுதான், ஏன்? ஒரு மின்தட்டு, ஒரு ப்ளக், ஒரு நாட்காட்டி, அரைப் போத்தல் உறைந்த பால், ஒரு மாட்டின் மரியாதை. அவ்வளவும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்கா? அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. அவள் நகர்ந்த இடத்தில் ஹேமாவதி வந்து உட்கார்ந்துகொண்டார். புகைக்கு எதிர்ப்பக்கம் அதுதான். கறுப்புக் கண்ணாடி திரை முழுக்க நிறைந்தது. மெல்பர்ன் கொஞ்சம் பின்வாங்கியது.

"அட!" என்றார் ஹேமாவதி, திரையின் மூலையில் தன் உருவத்தைப் பார்த்து. "இங்க பச்சையாத்தான் தெரியுது!"

பிறகு கிரகாமைப் பார்த்துச் சிங்களத்தில், "மகனே, கிழக்கப் பாத்துத் திரும்பி உக்காரு," என்றார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டான் கிரகாம்.

"கிழக்குப் பக்கம் திரும்பச் சொல்றாங்க," என்று அடுப்படியிலிருந்து இரோஷினி கத்தினாள்.

ஆறு பேரும் கைபேசியில் திசைகாட்டியைத் தேடினார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான்கு பேர் ஒரு பக்கம் திரும்பினார்கள், இரண்டு பேர் எதிர்ப்பக்கம் திரும்பினார்கள், அவர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மெல்பர்னின் காதுகள் மட்டும் திரையில் தெரிந்தன.

சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பத்திரண்டு காட்டியது. "இப்ப!" என்றார் ஹேமாவதி. இரோஷினி குச்சியைக் கிழித்தாள். பொச்சு பிடித்தது. மலைச்சரிவெங்கும் வெடிச்சத்தம் அதிர்ந்தது. இவர்கள் வீட்டு முற்றம் மட்டும் அமைதியாக இருந்தது. ஜனித் ஊதுபத்தியை வெடிச்சரத்துக்கு அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு கைபேசியையே பார்த்து நின்றான்.

"தாத்தே, கொளுத்துங்க!" என்று தெவ்லி அப்பாவைப் பார்த்துக் குதித்தாள்.

"போன் இன்னும் சொல்லலயே."

"அது காலையிலேயே சொல்லிருச்சு, மடையா!" என்று உள்ளேயிருந்து அவன் அம்மா கத்தினார்.

பால்மாப் பால் சோம்பேறி. சூடானது, முணுமுணுத்தது, பொங்கவில்லை. "இன்னும் ரெண்டு கரண்டி மா போடு," என்றார் ஹேமாவதி. போட்டாள். "ஊதாத, தானா வரட்டும்." நின்றாள். நுரை ஏறியது, விளிம்பில் நின்று யோசித்தது. ஹேமாவதி எழுந்து மடிக்கணினியின் முகத்தைப் பானைக்குத் திருப்பிவிட்டார். நுரை சாய்ந்து, ஒரே பக்கமாகச் சரசரவென்று இறங்கி, தீயில் விழுந்து புகைந்தது. புகையில் இரோஷினிக்குக் கண் தெரியவில்லை, ஹேமாவதி ஏற்கெனவே வாசலுக்கு ஓடிவிட்டார்.

"எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?"

"இடது!" என்று மெல்பர்ன் கத்தியது. எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

"அவனுக்கு இடதுன்னா," ஹேமாவதி வாசலில் நின்றபடி விரலால் காற்றில் கோடு போட்டார், "பெட்டி மேற்கப் பாத்து இருக்கு, அப்ப இடது தெற்கு. தெற்கும் நல்லதுதான். போதும்."

பொத்தானை உடனே அழுத்த அவர் விடவில்லை. வேலை தொடங்கும் சுபநேரம் ஐந்து பதினெட்டு. அதற்கு முன் வேலையைத் தொட்டால் வருடம் முழுக்க இழுபறி என்றார். இரோஷினி அதையும் கேட்டாள். இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை. மெல்பர்னில் அது ஒன்பது நாற்பத்தெட்டு. பத்து மணிக்குள் முடிந்தால் சரி என்று கிரகாம் சாப்பிடப் போனான். ஐந்து பதினெட்டுக்கு அவள் அழுத்தினாள். ஹேமாவதி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இவ்வளவுதானா? ஒரு அமுக்கு?"

"அவ்வளவுதாம்மா."

"இதுக்கா விடியக் காலையில எழும்பிக் கத்திக்கிட்டு இருக்கிற?"

கிரிபத் பாற்சோறு சாப்பிட்டு, வெற்றிலை கொடுத்துக் கும்பிட்டு முடிந்ததும் கெக்கிராவையிலிருந்து நில்மினி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். ஹேமாவதி கைபேசியை வாங்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார். இரோஷினி பாத்திரத்தோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். இனி வருவதைக் கேட்டாக வேண்டும்.

"நல்லாப் பொங்கிச்சு துவே," என்றார் ஹேமாவதி. "இரோஷினிதான் மூட்டினா. அடுத்த வருசமும் அவதான். உங்க வீட்ல எத்தனை தடவை பொங்கிச்சு?"

அந்தப் பக்கம் நில்மினி என்னவோ சொன்னாள்.

"ஒரு தடவைதானா?" ஹேமாவதி கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இங்க ரெண்டு தடவை. போன வருசத்துக்கு ஒண்ணு, இந்த வருசத்துக்கு ஒண்ணு."